எதிர்வரிசை

பிலோமினா மச்சாளின் மரணச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தது ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஓட்டோ. மன்னார்த் தீவில் எங்கள் கீரிக் கிராமத்தில் யார் இறந்தாலும் அந்த ஓட்டோதான் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து சொல்லும். காலை ஒன்பது மணி இருக்கும். நான் விறாந்தையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஓய்வுபெற்ற நடன ஆசிரியை, மாணவியர் பலரின் அன்புக்குரிய ஆசான்" என்று தொடங்கிய குரல், அவருடைய காலஞ்சென்ற தாய் தந்தையர், உடன்பிறந்தோர், பெறாமக்கள், பெறாமக்களின் பிள்ளைகள், கனடாவில் இருப்பவர்கள், நோர்வேயில் இருப்பவர்கள் என்று எல்லாரையும் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தது. என் படலைக்கு நேரே இரண்டு கழுதைகள் வழிமறித்து நின்றதால் ஓட்டோவும் நின்றது. பட்டியலை இரண்டாவது தடவையும் கேட்க வாய்த்தது. இரண்டு தடவையும் நான் "மற்றும் உறவினர்" என்பதற்குள் இருந்தேன். அதில் எனக்குக் குறை இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் மச்சாளும் என்னை அங்கேதான் வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவருடைய தம்பியின் மகள் டிலானி வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம்.

"அன்ரி, மாமியோட சின்ன வயசிலயிருந்து பழகினது நீங்கள்தானே. ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ."

"உண்மையை எழுதவா, நல்லதை எழுதவா?"

"ரெண்டும் வாற மாதிரி எழுதுங்கோ அன்ரி."

முயன்றிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. மேலதிகமாக இருப்பது எதுவென்று பார்த்து வெட்டுகிற பொறுப்பு டிலானியுடையது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா மச்சாள் உயரமானவர். நீண்ட கழுத்து. எழுபது வயதிலும் கதிரையில் முதுகு சாயாமல் இருப்பார். என் தாயின் அண்ணனுடைய மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை "நீங்கள்" என்பேன். அவர் என்னை "நீ" என்பார். அவருடைய தந்தை, என் அம்மான், கருவாட்டு வியாபாரி. அவர்கள் வீட்டின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி, மீன் காயவைக்கும் பெரிய சீமெந்துத் தளம் ஒன்று இருந்தது. அந்தத் தளத்தில் மீன் புரட்டுகிற வேலை என் தாயுடையது. எங்கள் இரு குடும்பங்களின் உறவு அந்த அளவில் மிகத் தெளிவாக இருந்தது.

மச்சாளுக்குப் பதினாறு வயதானபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நடன ஆசிரியை மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் கன்னியர்மடத்துக்கு வந்து பரதம் பழக்கத் தொடங்கினார். முதல் நாள் நானும் போய் வரிசையில் நின்றேன். யாழ்ப்பாணத்து ஆசிரியை என் முழங்கால்களைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு அரைமண்டி வராது" என்றார். முழங்காலை வெளிப்பக்கம் விரித்துத் தாழ்ந்து நிற்கிற நிலைக்கு அரைமண்டி என்று பெயர் என்பதை, அது எனக்கு வராது என்று தெரிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மச்சாளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மச்சாளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. சனிக்கிழமை பழகியது திங்கட்கிழமை அவருக்கு நினைவிருக்கும், ஆனால் விளங்காது. கால் போகும், ஏன் அப்படிப் போகிறது என்று தெரியாது. ஆளுயரக் கண்ணாடி இருந்தால் பார்த்துத் திருத்தலாம். கன்னியர்மடத்தில் உள்ளங்கை அளவுக்கு மேற்பட்ட கண்ணாடி ஆணவத்துக்கு வித்து என்று மதர் தடை செய்திருந்தார். மச்சாள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது. பரதத்தில் நெஞ்சுக்குக் கீழேதான் எல்லாம் நடக்கிறது.

ஒரு பின்னேரம், அம்மா தளத்தைக் கூட்டி முடித்த பிறகு, மச்சாள் என்னைக் கூப்பிட்டார்.

"ரெஜி, இஞ்ச வா. எனக்கு முன்னால நில். நான் செய்யிறதைச் செய்."

"எனக்கு வராதெண்டு ரீச்சர் சொன்னவ."

"உனக்கு வராட்டிலும் பரவாயில்லை. வந்தா உன்னை உள்ள எடுக்கச் சொல்லி நானே ரீச்சரிட்டக் கேக்கிறன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே வாக்குறுதி அது. அந்த நாட்களில் நடனப் பரீட்சையில் தேறிய சான்றிதழ் இருந்தால் ஆசிரியை நியமனம் கிடைக்கும். மீன் புரட்டுகிறவளின் மகளுக்கு அது என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நியமனத்தை நினைத்து மட்டும் நான் போய் நின்றதாகச் சொன்னால் அதுவும் பொய். ஆட வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

மூன்று வருடம் அந்தத் தளத்தில் எதிரெதிரே நின்றோம். அவர் "வலது", "இடது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடல் பக்கமாக இருக்கும் காலைக் கடல்கால் என்பார். வீட்டுப் பக்கமாக இருப்பதைக் கரைக்கால் என்பார். "கடல்காலால தொடங்கு" என்று சொல்லித் தன் காலைத் தட்டுவார். நானும் கடல் பக்கக் காலைத் தட்டுவேன். கடற்கரையில் பிறந்த இரண்டு பேருக்கு இதைவிடத் தெளிவான திசை கிடையாது. எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரில் ஒருவருடைய கடல்கால் வலதென்றால் மற்றவருடையது இடது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய கற்பித்தல் முறையைப் பலர் புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். அது எங்கே பிறந்தது என்று யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்து ஆசிரியை அவரிடம், "பிலோமினா, உம்மடை முழங்கை இறங்குது" என்றிருக்கிறார். திங்கட்கிழமை அடிமட்டத்தால் அடி விழுந்தது என் முழங்கையில்.

"என்ர முழங்கை இறங்கேல்லையே, மச்சாள்."

"தெரியும். இறக்கு."

இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். ஆ, அப்பிடித்தான். இப்ப ஆடு."

முழங்கையை இறக்கி ஆடினேன். அவர் தலையை ஒரு பக்கம் சரித்து, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். "சீ. இவ்வளவு அசிங்கமாவா இருக்கு" என்றார். பிறகு தன் முழங்கையைத் தூக்கினார். அதன் பிறகு அது இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து அதுதான் முறை. அவருடைய ஒவ்வொரு பிழையையும் முதலில் நான் ஆடிக் காட்டுவேன். முதுகு முன்னால் வளைவது, பாதம் பக்கமாக விழுவது, தாளத்துக்கு அரை நொடி முந்துவது எல்லாம் என்னிடம் வந்து, பார்க்கப்பட்டு, அவரிடமிருந்து நீங்கின. "ஒருத்திக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் ரெஜி எனக்கே விளங்குது" என்று மிகுந்த அன்போடு சொல்வார். நீங்கிய பிழைகள் எங்கே போயின என்று அவர் கேட்கவில்லை. ஒருமுறை நான் அழுதேன். "அழாதை. அழுதா முகம் கோணுது. முகம் கோணினா எனக்குக் கழுத்து தெரியேல்லை" என்றார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தன்னிடமும் அவர் அப்படித்தான் இருந்தார். மீனுப்பு ஊறிய சீமெந்தில் தட்டித் தட்டி என் குதிகால் வெடித்து இரத்தம் வந்தது. அவர் குனிந்து பார்த்தார். மருந்து கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தேன். "வெடிச்ச குதியிலதான் சத்தம் சரியா வருது. நோகிறதால நீ முழுப் பாதத்தையும் வைக்கிறாய்" என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் செருப்புப் போடவில்லை. இரண்டு மாதத்தில் அவருடைய குதிகாலும் வெடித்தது. மிகச் சந்தோஷமாக என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வருடம் வந்தது. மச்சாள் வாக்குத் தவறவில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னைக் கன்னியர்மடத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு பிள்ளைகள் சுவரோரம் இருந்தார்கள். ஆசிரியை பாயில் இருந்து தட்டுக்கழியை எடுத்துத் தாளம் தொடங்கினார். நான் அரைமண்டியில் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் வராது என்றது வந்திருந்தது. அவர் முகத்தில் அதைக் கண்டேன். நான்கு தட்டுக்குப் பிறகு கழி நின்றது.

"பிள்ளை, நீர் எந்தக் காலிலை துவங்கினீர்?"

"கடல்காலில, ரீச்சர்."

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. வேறொரு அடவைச் செய்யச் சொன்னார், அதையும் நிறுத்தினார். பிறகு இன்னொன்று.

"முழுக்க மறுபக்கமாய் ஏறியிருக்கு. ஆர் உமக்குப் பழக்கினது? கண்ணாடியோ?"

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் தன் சலங்கையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு வருசம் பழகினதை மறக்கப்பண்ண ஆறு வருசம் வேணும்" என்றார் ஆசிரியை. "வீட்டை போம் பிள்ளை. குரல் நல்லாயிருந்தால் கோயிலிலை பாடும்."

அப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. மச்சாள் மேடையில் ஆடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் எப்போதும் எதிரே இருந்துதான் பார்த்தேன். அவரும் நானும் ஒரே பக்கக் காலைத் தட்டுகிறோம் என்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கிழமை பாவாடை ஒன்றைத் தைக்கக் கொடுக்க மன்னார்ப் பட்டினத்தில் ஹனிபா நானாவின் தையற்கடைக்குப் போனேன். அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் நின்று என் கடல்காலான இடதுகாலை மெல்லத் தட்டினேன். கண்ணாடியில் நின்றவள் வலதுகாலைத் தட்டினாள். அவள்தான் மச்சாள். அவளுக்கு எதிரே நின்ற நான் யார் என்பது அப்போது விளங்கியது.

"என்ன புள்ள, காலுல முள்ளா?" என்றார் நானா.

"இல்ல நானா. சரியான காலா எண்டு பாக்கிறன்."

"ரெண்டும் ஒண்ட காலுதான் புள்ள. வேற ஆரு வந்து கேக்கப் போறா."

அந்தக் கடையும் கண்ணாடியும் அந்த மனிதரும் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டு இல்லாமல் போனது வேறு கதை. அதற்கு யாரும் மலர் போடவில்லை.

அன்று பின்னேரமே தளத்துக்குப் போனேன். மச்சாள் ஏற்கெனவே தன் இடத்தில் நின்றார்.

"மச்சாள், நான் மறுகாலில ஆடுறன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"கண்ணாடியைத் திருத்தினா நான் எதில பாக்கிறது?" அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "சரி, நில். சோதனைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் கிடக்கு."

நான் நின்றேன். அந்த இரண்டு மாதமும் ஒருநாள் தவறாமல் போனேன். ஏன் போனாய் என்று பிற்காலத்தில் என்னையே கேட்டிருக்கிறேன். என்னை ஆடச் சொல்ல அந்தத் தீவில் வேறு ஆள் இருக்கவில்லை.

பரீட்சையில் மச்சாள் மிகத் திறமாகத் தேறினார். அவருடைய அடவுகளில் ஒரு பிழைகூட இல்லை என்று பரீட்சகர் சொன்னாராம். இருக்காதுதான். எல்லாம் என்னிடம் இருந்தன.

அவருக்கு நடன ஆசிரியை நியமனம் கிடைத்தது. எனக்குக் கல்விக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. ஆகவே அடுத்த முப்பத்தைந்து வருடமும் அவருடைய கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. ஒருமுறை அவருடைய பள்ளிக்கூட அதிபர் நடன அறைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று வேண்டுமென்று எழுதியிருந்தார். நான் கோப்பைத் திறந்து மேலே அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். மறுகிழமை மச்சாளின் கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது. கண்ணாடி அவசியமில்லை என்றும், தேவையான கண்ணாடிகள் பள்ளியிலேயே போதிய அளவு உண்டு என்றும் அதில் இருந்தது. கோப்பை மூடினேன்.

அந்தக் கண்ணாடிகளைப் போய்ப் பார்த்தேன். நடன அறையில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தியிருந்தார். ஒன்று முன்வரிசை, மற்றது எதிர்வரிசை. முன்வரிசைப் பிள்ளை ஒவ்வொருத்தியும் தனக்கு எதிரே நிற்கிறவளுக்குப் பழக்க வேண்டும். பழக்கிப் பழக்கித் தான் கற்றுக்கொள்வாள். விழா வந்தால் முன்வரிசை ஆடும். எதிர்வரிசை திரை இழுக்கும், சலங்கை கட்டிவிடும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். எந்த வரிசை என்பது முதல் நாளே, முழங்காலைப் பார்த்து, தீர்மானமாகும். பெற்றோர் யாரும் முறையிடவில்லை. தங்கள் பிள்ளையும் பரதம் பழகுகிறாள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பழகியதும் உண்மை. இடப்பக்கமாக.

போரில் இடம்பெயர்ந்து பெரியமடுவில் தறப்பாள் கொட்டகைகளில் இருந்த காலத்திலும் அவர் வகுப்பை விடவில்லை. அது காடும் வயலுமான இடம். கடல் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நீலத் தறப்பாள் துண்டொன்றை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, "இதுதான் கடல். தொடங்குங்கோ" என்றார். அந்தத் துண்டு ஒரு குடும்பத்துக்குக் கூரையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் அந்தப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அழாமல் இருந்தது அந்த நீலத் துண்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கந்தோரால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நான் தினமும் அரைமணி நேரம் ஆடினேன். வலதுகாலில். மூன்று வருடம் பழகியதை மறக்க ஆறு வருடம் வேண்டும் என்று யாழ்ப்பாணத்து ஆசிரியை சொன்னது குறைந்த மதிப்பீடு. எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது. யாரிடமும் காட்டவில்லை. யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

போன வருடம் பழைய மாணவியர் மச்சாளுக்குப் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானித்தார்கள். பொன்னாடையோடு விட்டிருக்கலாம். "நான் ஒரு உருப்படி ஆடுவன்" என்று மச்சாள் சொல்லிவிட்டார். கச்சேரியில் முதலில் ஆடுகிற அலாரிப்பு. ஐந்து நிமிடம் வராது. விழாவுக்கு மூன்று கிழமை இருக்கையில் ஓட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தார்.

விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "ரெஜி, எனக்கு மறந்து போச்சு" என்றார்.

"எது?"

"எல்லாம். தாளம் காதில கேக்குது. கால் எங்க போறதெண்டு தெரியேல்லை. பிள்ளையளிட்டக் கேக்க ஏலுமா? உன்னட்ட நான் தந்து வைச்சது இருக்குத்தானே. அதைத் திருப்பித் தா."

அந்த மறதி வியாதி என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கியிருந்தது. கீரியில் வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் அவருக்கு எதிரே போய் நின்றேன். இப்போது வாசகர்கள் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் எனக்குப் பழக்கிய விதமாகவே நான் இடதுகாலில் ஆடினால், எதிரே நின்று பார்த்துச் செய்கிற அவருக்கு அது வலதுகாலில் சரியாகப் போய்ச் சேரும். நான் கதவைச் சாத்திக்கொண்டு கற்ற விதமாக, சரியாக ஆடினால், அவர் இடதுகாலில் ஆடுவார். அதாவது அவர் சரியாக ஆட வேண்டுமென்றால் நான் மறுபடி கண்ணாடியாக வேண்டும்.

நான் வலதுகாலில் ஆடினேன்.

இது தவறுதலாக நடந்ததல்ல. எனக்கு மறதி இல்லை. முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் சபையில் இருக்க, அவர்களை இடதுகால் முந்தியதற்காக அடித்து வளர்த்த ஆசிரியை இடதுகாலில் தொடங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று கிழமையும் ஒவ்வொரு பின்னேரமும் ஆசைப்பட்டேன்.

ஆனால் அந்த மூன்று கிழமையில் வேறொன்றும் நடந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால், கண்ணும் கழுத்தும் கையும் எந்த ஒழுங்கில் எழும்புகின்றன என்பதை நான் முதன்முறையாகப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. "ஏன் இப்ப கழுத்து?" என்று கேட்பார். ஏனென்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் இத்தனை வருடத்தில் விளங்காதது அவருடைய தடுமாற்றத்தைப் பார்த்துப் பார்த்து விளங்கியது. ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் விளங்குகிறது என்று அவர் சொன்னது சரி. அப்படிச் சொல்லிக்கொடுக்கும் உரிமையை அவர் முன்வரிசைக்கு மட்டும் வைத்திருந்தார் என்பதுதான் விஷயம்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைப் பெண்கள் பட்டுச்சேலையில் முன்னால். எதிர்வரிசைப் பெண்கள் பின்னால், வழக்கம்போல. நான் பக்கக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சாள் மேடைக்கு வந்து நின்ற விதத்தில் சபை அடங்கியது. தாளம் போடுவதற்கு அவருடைய மிகச் சிறந்த மாணவி. மச்சாள் கண்ணை இடப்பக்கம் ஓட்டினார். கழுத்தை இடப்பக்கம் அசைத்தார். இடதுகாலைத் தட்டினார்.

தாளம் ஒரு கணம் இடறியது. பட்டுச்சேலைகள் ஒன்றையொன்று பார்த்தன. இதற்காகத்தான் காத்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பட்டினச் சந்தையில் மீன் விற்கிற கில்டா. ஏழு வருடம் எதிர்வரிசையில் நின்று ஏழு வருடமும் திரை இழுத்தவள்.

"அடியேய், ரீச்சர் எங்கட கால்ல ஆடுறாடி."

பின்வரிசைகள் எழுந்து நின்றன. சிலர் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். வாழ்நாள் முழுவதும் பிழை என்று சொல்லப்பட்ட காலில் தங்கள் ஆசிரியை எல்லாருக்கும் முன்னால் ஆடித் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். கொஞ்சம் தாமதித்து முன்வரிசையும் எழுந்து நின்றது. நான் ஒருத்திதான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

அடக்கப் பூசையில் சுவாமி அதைத்தான் பிரசங்கித்தார். சீடரின் பாதங்களைக் கழுவிய நம் ஆண்டவரைப் போல, கடைசியானவர்களின் காலைத் தன் காலாக எடுத்துக்கொண்ட ஆசிரியை என்றார். எனக்கு முன்னால் இருந்த கில்டா மூக்கைச் சிந்தினாள். நான் தலை குனிந்திருந்தேன். பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

விழா முடிந்து மேடைக்குப் பின்னால் மச்சாளின் சலங்கையை அவிழ்த்தது நான். அங்கே வேறு ஒருவரும் இல்லை.

"நீ வலதில ஆடினாய்" என்றார்.

மறதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஓம்."

"எப்ப பழகினாய்?"

"அம்பது வருசமா."

"ஆருக்கும் சொல்லிக் குடுத்தியா?"

"இல்லை."

"கண்ணாடி?"

"இல்லை."

அவர் சலங்கை கழன்ற காலை மெல்ல மடக்கினார். நான் மன்னிப்பை எதிர்பார்த்தேனா, திட்டை எதிர்பார்த்தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"அதுதான் உன்ர முழங்கை இறங்குது" என்றார்.

அவர் என்னோடு நடனம் பற்றிப் பேசிய கடைசி வார்த்தை அது. அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் என் பெயரும் அவருக்கு மறந்துபோனது. விழா அன்று இரவே வீட்டுக்கு வந்து, முன்பு ஒருநாளும் ஆடிப் பார்த்திராத என் சின்ன அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். முழங்கை நெஞ்சுக்கு மேலே இருப்பதால் அதில் தெரியும். இறங்கித்தான் இருந்தது. அவர் இறக்கச் சொன்ன அதே அளவு.

கீரிச் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தபோது கடல் அவருடைய வலதுகால் பக்கம் இருந்தது. அதைக் கவனித்தது நான் மட்டுமாக இருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில் எதிர்வரிசைப் பெண்கள் அவருக்கு அஞ்சலியாக அலாரிப்பு ஆடப் போகிறார்கள். முப்பது பேர். பலருக்கு முழங்கால் வலி. இடதுகாலில்தான் தொடங்குவார்கள், ரீச்சர் கடைசியாக ஆடிக் காட்டிய கால் அது என்று சொல்கிறார்கள். அவருடைய பெரிய படத்தை அவர்களுக்கு எதிரே வைக்கப் போவதாக டிலானி சொன்னாள். படத்தில் இருப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அவருடைய வலதுகாலுக்கு நேரே முப்பது இடதுகால்கள் தட்டும். அவர் ஆயுள் முழுவதும் கேட்டது அதைத்தான்.

என்னையும் அந்த வரிசையில் நிற்கக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கள்தான் அன்ரி முதல் எதிர்வரிசை" என்றாள் கில்டா. சம்மதித்திருக்கிறேன். ஆனால் நான் வலதுகாலில் தொடங்குவேன். முப்பது பேர் ஒரு காலிலும் ஒருத்தி மறுகாலிலும் ஆடினால் பிழை யாருடையது என்று சபை தீர்மானித்துக்கொள்ளும். அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. படத்தில் இருப்பவர் சபையைப் பார்க்க மாட்டார். காலையும் பார்க்க மாட்டார். நேரே என் முழங்கையைத்தான் பார்ப்பார்.

போய் வாருங்கள், மச்சாள். தூக்கி வைத்திருக்கிறேன்.